குடியானவன் வெட்டின கிணறும் சர்க்கார் கொடுத்த கழிவும்

(திருவண்ணாமலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த மேடையில் எனக்கு முன் பேசிய வித்துவான்கள் தேவாரத்தைப் பற்றியும் கோபுரச் சிற்பங்களைப் பற்றியும் மலையின் மகிமையைப் பற்றியும் பேசிச் சபையைக் குளிர்வித்திருக்கிறார்கள். நானோ நாற்பது ஆண்டுகளாகப் பிறருடைய வரவு செலவைக் கூட்டியும் கழித்தும் வயிறு வளர்த்த ஓர் ஆடிட்டர். ஆகையால் பேச வரும்படி அழைப்பு வந்தபோது, அழைத்தவர்கள் ஆள் மாறி வந்துவிட்டார்களோ என்ற சந்தேகமே முதலில் எனக்குத் தோன்றியது. ‘உங்களுக்குத் தெரிந்த விஷயத்தைப் பேசினால் போதும்’ என்று அவர்கள் தைரியம் சொன்னதன் பேரில், கிராமத்து நிலத்தில் குடியானவன் தன் கைப்பணத்தைப் போட்டுச் செய்கிற அபிவிருத்திகளுக்கு வரியில் என்ன கழிவு உண்டு, அது முன்னாளில் எப்படிக் கிடைத்தது, இந்நாளில் எப்படிக் கிடைக்கிறது என்பதைப் பிரஸ்தாபிக்கத் துணிந்தேன். வரியைப் பற்றிப் பேச எழுந்தவர்கள் பிசிராந்தையாரின் யானையைச் சபைக்குள் ஓட்டிக்கொண்டு வராமல் உட்காருவதில்லை. அந்த யானைக்கு இன்று நான் ஓய்வு கொடுத்துவிடுகிறேன், ஏனெனில் என்னுடைய கதை வயலில் புகுந்து மிதித்ததைப் பற்றியது அன்று, வயலில் இறங்கிக் கிணறு வெட்டினவனைப் பற்றியது.

நம்முடைய சுற்றுப்புறத்து நிலத்தின் சுபாவம் உங்களுக்கெல்லாம் தெரியும். 1958-இல் கட்டி முடித்த சாத்தனூர் அணையின் கால்வாய் தொட்ட வயல்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இங்கே உழவு நடப்பது மழையாலும் ஏரியாலும் கிணற்றாலும்தான். மழை நம் கையில் இல்லை, ஏரி ஊருக்கெல்லாம் பொது, கிணறு ஒன்றுதான் ஒரு குடும்பம் தன் ஆயுட்காலத்தில் தானே முனைந்து உண்டாக்கிக்கொள்ளக்கூடிய நீர்ச்செல்வம். பத்தடி மண்ணைத் தள்ளியதும் கருங்கல் பாறை எதிரே நிற்கும். அதைத் தமரடித்து, வெடி வைத்து, உடைந்த கல்லைக் கூடை கூடையாக மேலே ஏற்றி, ஒரு கோடையில் முடியாமல் மறு கோடையிலும் வெட்டி, பெண்சாதியின் கழுத்து நகை ஈட்டுக்கடைக்குப் போன பிறகு ஊற்றுக் கண் திறந்ததென்றால், அதுவரை மல்லாட்டையும் கேழ்வரகும் தவிர வேறொன்றும் அறியாதிருந்த மேட்டு நிலம் அடுத்த வருஷமே நெல்லையும் கரும்பையும் சம்பங்கியையும் கொடுக்கிற தோட்டக்காலாக மாறிவிடுகிறது. நிலம் மாறினால் வரியும் மாற வேண்டுமா, மாறத்தான் வேண்டுமென்றால் அந்த மாறுதலில் சர்க்காருக்கு உரியது எவ்வளவு, வெட்டினவனுக்கு உரியது எவ்வளவு என்ற வழக்கு, இந்தத் தேசத்தில் ராஜ்யங்களைக் காட்டிலும் நீண்ட ஆயுளுடையது.

நம் கோயிலின் ஆயிரக்கால் மண்டபத்தையும் சிவகங்கைத் தீர்த்தத்தையும் செய்வித்த கிருஷ்ணதேவராயரைச் சொல்லாமல் இந்த ஊரில் யாரும் பேச்சை முடிப்பதில்லை. ஆனால் அவர் வம்ச காலத்திலும் அதற்கு முன்னும் பின்னும் தெலுங்கு, கன்னட நாடுகளிலும் அவற்றை ஒட்டிய நம் எல்லையிலும் வழங்கிவந்த தசவந்தம் என்ற ஏற்பாட்டைச் சொல்பவர் அதிகம் இல்லை. ஒருவன் தன் செலவில் ஏரி வெட்டினாலோ, உடைந்த ஏரியைக் கட்டினாலோ, அந்த ஏரியால் பாயும் நிலத்தின் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை அரசு அவனுக்கு விட்டுக்கொடுக்கும், அல்லது அந்த அளவுக்கு ஈடான நிலத்தைக் குறைந்த வரிக்குக் கொடுக்கும். கம்பெனியார் காலத்தில் இதையே தசபந்த இனாம் என்று பதிவேடுகளில் எழுதினார்கள். இதில் நான் ரசிப்பது அந்தப் பத்தில் ஒன்றை அன்று. அதோடு கட்டியிருந்த நிபந்தனையைத்தான். ஏரியைப் பழுதுபார்த்து வைத்திருக்கும் வரைதான் இனாம்; கரை உடைந்து கிடக்க விட்டால் இனாமைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கழிவு வாங்குகிறவன் காகிதம் காட்டத் தேவையில்லை, ஏரியைக் காட்டினால் போதும். தண்ணீர் நின்றால் கணக்குச் சரி.

பிறகு வந்தது கவுல். தரிசைத் திருத்துகிறவனுக்கு முதல் சில வருஷங்களுக்குத் தீர்வையே இல்லாமலோ அற்பத் தீர்வையாகவோ வைத்து, வருஷம் ஏற ஏறத் தீர்வையையும் ஏற்றி, நிலம் முழுக்கப் பண்பட்ட பிறகே முழுத் தீர்வை வாங்குவது கவுலின் லட்சணம். நவாபு காலத்துக் குழப்பத்திலும் கம்பெனியின் தொடக்கத்திலும் இது தாராளமாக வழங்கியது. ஆனால் கொடுப்பவர் சௌகரியத்துக்கு ஏற்ப நீண்டும் குறுகியும் வந்ததால், குடியானவனுக்கு இதன் மேல் முழு நம்பிக்கை இருந்திருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த வழக்கில் சதவிகிதம் போட்டுப் பேசியவர் கம்பெனி உத்தியோகஸ்தரான தாமஸ் மன்றோ. 1792 முதல் 1799 வரை அலெக்சாண்டர் ரீடின் கீழ், நமக்கு மேற்கே செங்கம் கணவாய்க்கு அப்பால் இருக்கிற பாராமகாலில் வேலை கற்றவர். குடியானவனின் வரப்பில் உட்கார்ந்து அவனுடைய கஷ்டநஷ்டங்களைக் கேட்டு எழுதிக்கொள்வதை உத்தியோகத்தின் ஒரு பகுதியாகக் கருதியவர். அவர் கடப்பை, பல்லாரிப் பிரதேசங்களை நிர்வகித்துவிட்டுச் சீமைக்குத் திரும்பும் தறுவாயில், 1807 ஆகஸ்டு 15-ஆம் தேதியிட்டு ரெவினியூ போர்டாருக்கு ஒரு திட்டம் எழுதினார். (அந்தத் தேதிக்கு அப்போது வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.) சர்வேயில் கண்ட தீர்வையில் எல்லா நிலத்துக்கும் நூற்றுக்கு 25 குறைக்க வேண்டும் என்பது அதில் ஒரு பிரிவு. அதற்கு அடுத்த பிரிவுதான் நம் விஷயம்: கிணற்றுத் தண்ணீராலும், ஆற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும் ஏற்றம் முதலியவற்றால் இறைத்த தண்ணீராலும் பாயும் நிலங்களுக்கு மேற்கொண்டு 8, ஆக மொத்தம் 33 குறைக்க வேண்டும், ஆனால் கிணற்றைக் குடியானவனே தன் செலவில் பழுதுபார்த்துக்கொள்ள வேண்டும், சிறு ஏரிகளின் பழுதைக் குடிகள் ஏற்றுக்கொண்டால் அந்த நிலங்களுக்கும் அதே குறைப்பு உண்டு.

இந்த எட்டு என்ற எண்ணை நான் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். கிணற்று நிலம் மற்ற புன்செயைவிட அதிகம் விளைவதால் அதற்கு வரியை ஏற்ற வேண்டுமென்பதே வசூல் செய்கிறவனுடைய இயற்கையான எண்ணம். அதிகம் விளைவதற்கு யார் செலவு செய்தார்கள் என்று கேட்டு, அந்தச் செலவு இன்றோடு முடிவதன்று, கமலை மாடும் கயிறும் சாலும் வருஷந்தோறும் தேய்கிறவை, கிணறோ தூர்ந்துகொண்டே இருக்கிறது என்று கணக்கிட்டு, வரியைக் குறைக்க வேண்டுமென்று எழுதத் தோன்றியவர் உத்தியோகஸ்தர்களில் அபூர்வம். இன்றைய கணக்கியலில் தேய்மானம் என்றும் பராமரிப்புச் செலவு என்றும் இரண்டு பெயரிட்டு நாங்கள் எழுதுவதை அவர் ஒரே எண்ணில் அடக்கிவிட்டார். திட்டம் அப்போது அங்கீகாரம் பெறவில்லை. மன்றோ 1820-இல் கவர்னராக வந்த பிறகுதான், குடியானவனிடமே நேராகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறை மறுபடி தலையெடுத்தது.

ஆனால் இடைக்காலத்திலும் அதற்குப் பின்னும் பல ஜில்லாக்களில் கிணறு வெட்டினவன் தலையில் தோட்டத் தீர்வை விழுந்துகொண்டுதான் இருந்தது. வெற்றிலை, புகையிலை என்று பயிரைப் பார்த்து வரி வைக்கும் வழக்கமும் உண்டு. வரி ஏறும் என்று பயந்து கிணறு வெட்டாமல் இருப்பது சோம்பலாகாது, விவேகம். 1852-இல் சென்னை அரசாங்கத்தார் இதை ஒருவாறு ஒப்புக்கொண்டு, குடியானவன் தன் செலவில் செய்த அபிவிருத்தியின் முழுப் பயனும் அவனுக்கே சேரும், அதன் பொருட்டு அவன் தீர்வை உயராது என்ற கொள்கையை வகுத்தார்கள். அதன் பின் வந்த முப்பதாண்டு செட்டில்மெண்டுகளில் சொந்தக் கிணற்றால் பாயும் புன்செய் புன்செயாகவே எழுதப்பட்டது. நம் பக்கத்தில் கிணறு பெருகியதற்கு மலையிலிருந்து இறங்கும் ஊற்றைக் காரணமாகச் சொல்வார்கள். அந்த 1852-க்கும் ஒரு பங்கு உண்டென்று நான் சொல்வேன்.

கொடுத்த கை சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1865-ஆம் வருஷத்து ஏழாவது சட்டம் தண்ணீர்த் தீர்வைக்காகப் பிறந்தது. சர்க்காருடைய ஆறு, ஏரி, கால்வாய்த் தண்ணீரை நேராகப் பாய்ச்சினால் தீர்வை என்பதோடு நில்லாமல், அந்தத் தண்ணீர் பக்கத்து நிலத்திலிருந்து கசிந்து வந்து பாய்ந்தாலும் தீர்வை என்று பிற்பாடு அதில் எழுதிச் சேர்த்தார்கள். ஏரிக்குக் கீழே கிணறு வெட்டினவனைக் கூப்பிட்டு, ‘இது உன் ஊற்றா, ஏரியின் கசிவா?’ என்று கேட்டால் அவன் யாரைச் சாட்சிக்கு அழைப்பான்? வருணனைத்தான் அழைக்க வேண்டும்.

1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சம் இந்த விவாதத்துக்கு வேறொரு கனத்தைக் கொடுத்தது. கிணறுள்ள நிலம் பஞ்சத்துக்கு எதிரே கொஞ்ச நாளாவது நிற்கும் என்பதைப் பிணங்களின் நடுவே கற்றுக்கொண்ட சர்க்கார், பஞ்சக் கமிஷனின் 1880-ஆம் வருஷத்து அறிக்கைக்குப் பின், 1883-இல் நில அபிவிருத்திக் கடன் சட்டத்தை இயற்றியது. நம் தாத்தாக்கள் தக்காவிக் கடன் என்று சொன்னது இதைத்தான். கடன் கொடுக்கும் சட்டமாயினும், அபிவிருத்தி என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எந்தச் சட்டத்திலும் நான் படித்ததில்லை. கிணறு, குளம் முதலாகத் தண்ணீரைச் சேர்த்து வைக்கவும் பகிர்ந்து விடவும் செய்யும் வேலைகள், அவை உழவில் ஈடுபட்ட ஆளும் மாடும் குடிப்பதற்காயினும் சரி, நிலத்தைப் பாசனத்துக்குத் தயார் செய்தல், வடிகால் எடுத்தல், வெள்ளமும் அரிப்பும் வராமல் காத்தல், காட்டை அழித்துத் திருத்துதல், வேலி அடைத்தல், இவையெல்லாம் அபிவிருத்தி. அது மட்டுமன்று, இவற்றில் எதையேனும் புதுப்பித்தாலும் மறுபடி கட்டினாலும் அதுவும் அபிவிருத்தியே. இந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, கடன் வாங்கிச் செய்த அபிவிருத்தியால் நிலத்துக்கு ஏறிய மதிப்பைத் தீர்வையைத் திருத்தும்போது கணக்கில் எடுக்கக் கூடாது என்கிறது. தரிசைத் திருத்தியதற்கும் புன்செய்க்குத் தண்ணீர் கொண்டுவந்ததற்கும் மட்டும் விதிகளில் குறித்த ஒரு காலம் கழிந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விதிவிலக்கு வைத்திருக்கிறது.

இதுவரை சொன்னவற்றில் ஓர் அம்சத்தை நீங்கள் கவனித்திருப்பீர்கள். தசவந்தமானாலும் மன்றோவின் எட்டானாலும் 1852 ஆனாலும், கழிவுக்குக் குடியானவன் மனுப் போட வேண்டியிருந்ததே தவிர, தான் செலவழித்த பணத்துக்கு ரசீது காட்ட வேண்டியிருக்கவில்லை. கணக்கு வைத்துக்கொள்வது கிராமக் கணக்கரான கர்ணத்தின் வேலை. எந்த சர்வே நம்பரில் கிணறு இருக்கிறது, எந்தப் பசலியில் என்ன பயிர், எந்தத் தண்ணீரால் விளைந்தது என்பதெல்லாம் அவர் எழுதும் அடங்கலில் வருஷந்தோறும் ஏறிவிடும். ஜமாபந்தியில் அதைச் சரிபார்ப்பார்கள். கர்ணங்களுடைய கைச்சுத்தத்தைப் பற்றி நான் இங்கே வக்காலத்து வாங்க வரவில்லை; ஒரு கிணற்றை இல்லையென்று எழுதவும் இல்லாத கிணற்றை உண்டென்று எழுதவும் வல்ல பேனாக்கள் அவை. 1980-இல் அந்தப் பரம்பரை உத்தியோகம் ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். அது வர வேண்டிய மாற்றம்தான். நான் சொல்ல வந்தது வேறு: நிலத்துக்குக் கணக்கு வைக்கும் பாரம் தன்னுடையதன்று என்ற பழக்கம், பத்துத் தலைமுறையாக உழவனுடைய எலும்பில் ஊறியிருக்கிறது.

இந்தப் பழக்கத்துக்கு வருமான வரிச் சட்டமும் உரம் போட்டது. 1860-இல் ஜேம்ஸ் வில்சன் கொண்டுவந்த முதல் வருமான வரி நிலத்து வருமானத்தையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் 1886-ஆம் வருஷத்துச் சட்டம் விவசாய வருமானத்தை விலக்கியது. அரசியல் சாசனம் அந்த வரியை விதிக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு ஒதுக்கியது. 1961-ஆம் வருஷத்துச் சட்டமும், 2026 ஏப்ரல் முதல் அதன் இடத்தில் வந்து அமரும் 2025-ஆம் வருஷத்துப் புதுச் சட்டமும் அந்த விலக்கைத் தொடவில்லை. நம் ராஜ்யம் 1955-இல் தோட்டப்பயிர்களுக்கு விவசாய வருமான வரி போட்டு, 1958-இல் அதை விரித்தும் பார்த்தது. காபி, தேயிலை முதலாளிகளுக்கு அது தெரிந்த விஷயம், நம் ஊர்ச் சம்சாரிக்கு அதனோடு பெரிய பரிச்சயம் இல்லை. ஆக, வரியே இல்லாதவனுக்கு வரிக்கழிவு எதற்கு? வருமானத்துக்கு விலக்கு என்றால் அதை ஈட்டச் செய்த செலவுக்கும் கழிவில்லை என்பது சட்டத்தின் நியாயம், நியாயம்தான்.

இதோடு ஒப்பிட அமெரிக்கரைச் சொல்லலாம். 1930-களில் அவர்களுடைய சமவெளிகளில் மேல் மண் புழுதியாகப் பறந்துபோன அனுபவத்துக்குப் பின், 1954-ஆம் வருஷத்து வரிச் சட்டத்தில், மண்ணையும் நீரையும் காப்பதற்காக நிலத்தைச் சமப்படுத்தல், படிக்கட்டாக வரப்பிடுதல், குட்டை வெட்டல் ஆகியவற்றுக்குச் செய்த செலவை, பண்ணையின் மொத்த வருமானத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேற்படாமல் அந்தந்த வருஷமே கழித்துக்கொள்ள அனுமதித்தார்கள். நிலத்தை வாங்கிப் பத்து வருஷத்துக்குள் விற்றால் கழித்ததில் ஒரு பகுதியோ முழுவதுமோ வருமானமாகத் திரும்பி வந்துவிடும் என்று பிற்பாடு ஒரு கயிறும் கட்டிவைத்தார்கள். ஆஸ்திரேலியாவில் 2015 மே 12 முதல் வேலிக்கும் தண்ணீர் வசதிக்கும் செய்த செலவு முழுவதையும் அந்த வருஷமே கழிக்கலாம். அவர்கள் வருஷந்தோறும் வரி கட்டுகிறார்கள், ஆகவே வருஷந்தோறும் கணக்கு எழுதுகிறார்கள். நமக்கோ அந்த நிர்ப்பந்தம் இல்லை.

ஒரு சாராருக்கு மட்டும் உண்டு. டவுனில் வாத்தியார் வேலையும் கலசபாக்கத்தில் நாலு ஏக்கரும் வைத்திருப்பவர், நிலத்து நிகர வருமானம் 5,000 ரூபாய்க்கு மேற்பட்டால், கே. என். ராஜ் கமிட்டியின் யோசனைப்படி 1973 முதல் வந்த ஏற்பாட்டில், அதைச் சம்பளத்தோடு சேர்த்துக் காட்ட வேண்டும். நிலத்து வருமானத்துக்கு வரி இல்லை, ஆனால் சம்பளத்துக்கு எந்த விகிதத்தில் வரி என்பதை அது உயர்த்திவிடும். அந்த நிகர வருமானத்தைக் கணக்கிடும்போது வியாபாரத்துக்கு உள்ள கழிவுகளெல்லாம் இங்கும் உண்டு. மோட்டார் பம்பு செட்டுக்கு வருஷத்துக்கு நூற்றுக்கு 15 தேய்மானம் உண்டு. நஷ்டம் வந்தால் எட்டு வருஷம் வரை கொண்டுசெல்லவும் உரிமை உண்டு. ‘நெலத்துக்குத்தான் வரி கெடையாதே சார்’ என்று சொல்லிவிட்டு, மொத்த விளைச்சலைச் செலவு நீக்காமல் அப்படியே எழுதிக் கொடுத்து, சம்பளத்துக்கு அதிக வரி கட்டிய வாத்தியார்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் மெய்யான சோதனை நிலத்தை விற்கிற அன்றுதான் வருகிறது.

விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை என்று ஊரெல்லாம் நம்புகிறார்கள். அது கிராமத்து நிலத்துக்கு மட்டும் உண்மை. நகராட்சியின் ஜனத்தொகை பத்தாயிரத்துக்கு மேல் ஒரு லட்சம் வரை இருந்தால் அதன் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர், பத்து லட்சம் வரை 6, அதற்கு மேல் 8 என்ற வட்டத்துக்குள் இருக்கும் நிலம், அதில் கதிர் முற்றி நின்றாலும், சட்டத்தின் கண்ணுக்கு நகர நிலமே. திருவண்ணாமலையின் ஜனத்தொகை 2011-ஆம் வருஷத்துக் கணக்கில் ஏறக்குறைய 1,45,000. ஆகையால் நமக்கு ஆறு. 2024-இல் நம் ஊர் அக்கம்பக்கத்து ஊராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சியாக உயர்ந்தபோது பட்டாசு வெடித்தவர்களில் எத்தனை பேருக்கு, எல்லை நகர்ந்தால் ஆறு கிலோமீட்டர் கோடும் நகரும் என்பது தெரிந்திருக்கும்? அந்த ஆறையும் சாலை வழியே அளப்பதா என்று கோர்ட்டுகளில் நெடுநாள் வழக்காடிய பிறகு, வானத்தில் நேர்கோடாக அளக்க வேண்டுமென்று சட்டத்தையே திருத்திவிட்டார்கள். பக்தர்கள் பதினாலு கிலோமீட்டர் கால் கடுக்கச் சுற்றிவருகிற மலையை வருமான வரி இலாகா ஆகாச மார்க்கமாகத் தாண்டிவிடுகிறது.

பௌர்ணமிக் கூட்டம் பெருகப் பெருக, கிரிவலப் பாதையை அடுத்தும் வெங்கிக்கால் பக்கத்திலும் மல்லாட்டை விதைத்த காடுகள் மனைகளாகவும் விடுதிகளாகவும் மாறிவருவதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படி இரண்டு ஏக்கர் விற்ற ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். விற்ற விலையிலிருந்து எதையெல்லாம் கழிக்கலாம் என்று அவருக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். நிலத்தை வாங்கின விலை ஒன்று. 2001 ஏப்ரல் 1-க்கு முன் வந்த நிலமானால் அன்றைய சந்தை மதிப்பை வைத்துக்கொள்ளலாம், அது அன்றைய வழிகாட்டி மதிப்புக்கு மேற்படக் கூடாது. இரண்டாவது, அந்தத் தேதிக்குப் பின் செய்த அபிவிருத்திச் செலவு. 2024 ஜூலை 23-க்கு முன் கைக்கு வந்த நிலமானால், செலவுகளை விலைவாசிக் குறியீட்டால் பெருக்கிக் கழித்து நூற்றுக்கு 20 வரி கட்டுவது, பெருக்காமல் கழித்து 12½ கட்டுவது என்ற இரண்டில் எது குறைவோ அதைக் கட்டினால் போதும். 2012-13-இல் ஒரு லட்சம் செலவில் ஆழ்துளைக் கிணறு போட்டு 2025-26-இல் விற்றவனுக்கு அந்த லட்சம், குறியீடு 200-லிருந்து 376 ஆகிவிட்டபடியால், முதல் வழியில் 1,88,000 ஆகிவிடும். இரண்டாம் வழியில் லட்சம் லட்சமாகவே நின்று, செஸ்ஸோடு சேர்த்து 13,000 ரூபாய் வரியைக் குறைக்கும். விற்பதற்கு முந்திய இரண்டு வருஷம் அந்த நிலத்தில் விவசாயம் நடந்திருந்து, விற்ற இரண்டு வருஷத்துக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால், அந்த அளவுக்கு ஆதாய வரியே இல்லை என்பதையும் சொன்னேன்.

‘அப்படின்னா எங் கெணத்துக்கு என்னா கழிப்பாங்க?’ என்றார் பெரியவர். ‘கிணற்றுச் செலவுக்கு என்ன ஆதாரம் வைத்திருக்கிறீர்கள், ஐயா?’ என்று நான் கேட்டேன். அவர் என்னை ஒரு பரிதாபத்தோடு பார்த்து, ‘கெணறுதான் சார் ஆதாரம், வந்து எட்டிப் பாக்கச் சொல்லுங்க’ என்றார். தசவந்தத்தின் நியாயம் அவர் வாயில் பேசிற்று. நாலு நூற்றாண்டு தாமதமாகப் பேசிற்று.

பில் இல்லாதவனுக்கு வழியே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். மின்வாரியம் சர்வீஸ் கொடுத்த தேதி மோட்டார் என்றைக்கு வந்தது என்பதற்குச் சாட்சி. கூட்டுறவுச் சங்கத்திலோ பாங்கிலோ கடன் வாங்கியிருந்தால் மதிப்பீட்டுப் பத்திரம் அங்கே கிடக்கும். மேட்டைச் சமப்படுத்த வேளாண்மைப் பொறியியல் துறையின் புல்டோசரை வாடகைக்கு எடுத்திருந்தால் பணம் கட்டிய ரசீது இருக்கும். பழைய அடங்கல்களில் பாசன ஆதாரம் மானாவாரியிலிருந்து கிணறாக மாறிய பசலியைப் பார்த்துக்கொள்ளலாம். சொட்டு நீர்ப் பாசனக் கோப்பும் நல்ல சாட்சிதான், ஆனால் அது இருபுறமும் வெட்டும்: சிறு, குறு விவசாயிக்கு முழுமானியமும் மற்றவர்களுக்கு முக்கால் பங்கும் அரசு கொடுத்திருக்க, கைவிட்டுப் போகாத பணத்தைச் செலவென்று எழுத முடியாது. தூர் வாரியதையும் வேலி முள்ளை மாற்றியதையும் 1883-ஆம் வருஷத்துச் சட்டம் அபிவிருத்தி என்று அணைத்துக்கொண்டது. வருமான வரிச் சட்டமோ நிலத்தில் புதிதாகச் சேர்த்ததையும் மாற்றியமைத்ததையும் மட்டும் ஏற்கும், பழுதுபார்ப்பை ஏற்காது. ஒரு சமயம், மூன்று இடத்தில் துளை போட்டு நாலாவது இடத்தில் தண்ணீர் கண்ட ஒருவருக்காக, வறண்டுபோன மூன்றும் சேர்ந்துதான் நாலாவதைக் கண்டுபிடித்துக் கொடுத்தன, ஆகவே நாலின் செலவையும் கழிக்க வேண்டும் என்று ஓர் அதிகாரியிடம் வாதாடினேன். அவர் சிரித்து, நீரோட்டம் பார்த்தவருக்குக் கொடுத்த தட்சிணையையும் சேர்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். சேர்த்துத்தான் இருந்தேன்.

இப்போது என் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்லி அமர்கிறேன். என் தகப்பனார் செங்கம் சாலையில் எங்களுக்கிருந்த புன்செயில் ஒரு கிணறு வெட்டினார். அவர் எழுதப் படிக்கத் தெரிந்தவர். நாற்பது பக்க நோட்டில் பென்சிலால் ஒவ்வொரு நாளும் எத்தனை ஆள், எவ்வளவு கூலி, வெடிமருந்து எவ்வளவு, கல் ஏற்றிய வண்டி எத்தனை நடை என்று தேதி வாரியாக எழுதிவைத்திருந்தார். அந்த நோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. நாற்பது வருஷ உத்தியோகத்தில் ஒரு கிணற்றுக்கு இத்தனை சுத்தமான கணக்கை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் 2001-க்கு முன் செய்த அபிவிருத்தி எதையும் சட்டம் தனியாகக் கணக்கில் எடுப்பதில்லை. அது அந்த வருஷத்துச் சந்தை மதிப்பிலேயே அடங்கிவிட்டதாகப் பாவனை. அதே நிலத்தில் அதன் பின் நான் போட்ட ஆழ்துளைக் கிணற்றைத்தான் சட்டம் ஒப்புக்கொள்ளும். அதற்கு, ஊராருக்கெல்லாம் புத்தி சொல்லும் என்னிடம், வண்டிக்காரன் வெள்ளைத் துண்டில் எழுதிக் கொடுத்த அடிக்கணக்கைத் தவிர ஒரு காகிதமும் இல்லை. அந்தத் துண்டிலும் மை மங்கிவிட்டது.

தகப்பனாரின் நோட்டில் கடைசிப் பக்கம் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. அதுவரை அணா பைசா பிசகாமல் எழுதிவந்தவர், ‘ஊற்று கண்டது, ஆட்களுக்குக் கறிச்சோறு’ என்று எழுதி, அதற்கு எதிரே தொகையைப் போடாமல் விட்டுவிட்டார்.